தண்டவாளத்தை ஒயர் என்று நம்பாதீர்கள்: வீட்டு மாதிரி ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் முழுமையான வழிகாட்டி

சாப்பாட்டு மேசையின் மேல் வட்டமாகத் தண்டவாளத்தைப் பூட்டி, பவர் பேக்கைச் செருகிக் குமிழைத் திருகினால் ரயில் ஓடிவிடுகிறது. அன்றைக்கு எல்லாம் சரி. மூன்று மாதம் கழித்து அதே ரயில், பவர் பேக் இருக்கும் பக்கத்தில் துள்ளி ஓடும். எதிர்ப்பக்க வளைவுக்குப் போனதும் முக்கும். இன்னும் இரண்டு மாதத்தில் அங்கேயே நின்றுவிடும். நாம் சக்கரத்தைத் துடைப்போம், எண்ணெய் விடுவோம், கடைசியில் இன்ஜினே மட்டம் என்று முடிவு கட்டுவோம். நானும் அப்படி முடிவு கட்டி, ஒரு நல்ல இன்ஜினை நண்பர் ஒருவரிடம் தள்ளிவிட்டேன். அவர் வீட்டில் அது இன்றைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

குற்றம் இன்ஜினில் இல்லை, மின்சாரம் அதுவரை போய்ச் சேரவில்லை. மாதிரித் தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்ற உலோகத்தில் வருகிறது. பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது தாமிரம், நிக்கல், துத்தநாகம் மட்டும். தாமிரம் மின்சாரத்தைக் கடத்தும் திறனில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடையாது. அதோடு, துண்டுக்குத் துண்டு இணைக்கும் ஜாயினர்கள் வேறு. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஜாயினருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மெல்லப் படலம் படியும், பிடிப்பும் தளரும். இருபது துண்டு கொண்ட வட்டத்தில், பின்பக்க வளைவுக்குப் போகும் மின்சாரம் எந்த வழியாகப் போனாலும் பத்து ஜாயினரைத் தாண்டியாக வேண்டும்.

சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலை நினைத்துப் பாருங்கள். வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குத் தடங்கள் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் டிசியில் ஓடுகின்றன. வடக்கு-கிழக்குத் தடத்தில் மட்டும் மேலே கம்பி, அதில் 1,500 வோல்ட். ஆனால் எந்தத் தடத்திலும் ஒரு முனையில் மட்டும் மின்சாரத்தை ஊற்றிவிட்டு மறுமுனை வரை போகும் என்று யாரும் காத்திருப்பதில்லை. வழி நெடுகத் துணைமின்நிலையங்கள் வைத்து ஊட்டிக்கொண்டே போகிறார்கள். வீட்டிலும் அதே வேலைதான், அளவு மட்டும் சின்னது.

வீவக அடுக்குமாடி வீட்டில் என் (N) ஸ்கேலோ எச்ஓ (HO) ஸ்கேலோ, அதாவது இந்த இரண்டு மாதிரி அளவுகளில் ஒன்றை, வைத்து ஓட்டுபவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். என் ஸ்கேலில் தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர், எச்ஓவில் 16.5. ஒயர் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

சுவர் சாக்கெட்டில் தொடங்குங்கள்

சிங்கப்பூரில் சாக்கெட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். என் ஸ்கேல் ரயில்களில் நாம் ஆசைப்படுபவை பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து வருகின்றன. விடுமுறைக்குப் போனவர்கள் பெட்டி பெட்டியாகத் தூக்கி வருகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பவர் பேக் 100 வோல்ட்டுக்குச் செய்ததாக இருந்தால், இங்கே பிளக் மாற்றியைப் போட்டுச் செருகிய சில விநாடிகளில் முடிந்துவிடும். பிளக் மாற்றி காலின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் அவசரத்தில் செருகினேன். முதலில் ஒரு முனகல், அப்புறம் மீன் கருகிய வாசனை. சமையலறையிலிருந்து, "அடுப்பில் என்ன வைத்தீர்கள்?" என்று குரல் வந்தது.

எனவே முதல் படி: அடாப்டரைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படியுங்கள். இன்புட் என்ற இடத்தில் 100-240 என்று இருந்தால் கவலை இல்லை, இங்கே போடலாம். வெறும் 100 என்றோ 120 என்றோ இருந்தால் 230ஐ அந்த அளவுக்குக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். சில பவர் பேக்குகளில் டிரான்ஸ்பார்மர் தனி அடாப்டராக வரும். அப்போது அந்த அடாப்டரை மட்டும் இங்கத்திய ஒன்றால் மாற்றலாம். ஆனால் அவுட்புட் வோல்ட், ஆம்பியர், முள்ளின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா, வருவது ஏசியா டிசியா, இந்த நான்கும் பொருந்த வேண்டும். புதிதாக அடாப்டர் வாங்கினால் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே விற்கும் அடாப்டர்களுக்கு அது கட்டாயம்.

அடுத்தது ஒரு கோடு கிழித்துக்கொள்வது. அடாப்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் 230 வோல்ட்டில் நமக்கு வேலையே இல்லை. புது சாக்கெட் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மின்பெட்டியில், மின்கசிவு கண்டால் வெட்டும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: தண்டவாளத்தில் நடக்கும் ஷார்ட், டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் நடப்பது. ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது. அந்தக் காவல் நம் பொறுப்பு.

டிசியா, டிசிசியா

டிசி என்றால் தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 0 முதல் 12 வோல்ட் வரை. குமிழைத் திருகினால் வோல்ட் கூடும், ரயில் வேகமாகும். வலப்பக்கக் கம்பி பிளஸ் ஆனால் இன்ஜின் முன்னே போகும். துருவத்தை மாற்றினால் பின்னே. மலிவு, புரிந்துகொள்வதும் எளிது. தடத்தில் இரண்டு இன்ஜின் இருந்தால் இரண்டும் ஒன்றாக ஓடும், தொல்லை அங்கேதான்.

டிசிசி (Digital Command Control) என்பது ஒவ்வோர் இன்ஜினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் முறை. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும். என் ஸ்கேலுக்கு 12-13, எச்ஓவுக்கு 14-16 வரை வைக்கலாம். மின்சாரம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை துருவம் மாறிக்கொண்டே செய்தியையும் சுமந்து போகிறது. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீண்டால் அது ஒன்று. 100 மைக்ரோ விநாடி நீண்டால் பூஜ்யம். இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வரும் செய்தியை மட்டும் கேட்கும். புது டிகோடர் எல்லாம் 3 என்ற எண்ணோடுதான் வரும். இரண்டு புது இன்ஜினை ஒன்றாக வைத்தால் இரண்டும் கிளம்பும். பயப்படாமல் ஒன்றின் எண்ணை மாற்றுங்கள்.

முதல் வட்டத்துக்கு டிசி போதும். மூன்றாவது இன்ஜின் வாங்கும்போது டிசிசிக்குப் போங்கள். ஆனால் ஒயரை முதல் நாளே டிசிசிக்குத் தகுந்த கனத்தில் போட்டுவிடுங்கள். பலகையைத் தலைகீழாகத் திருப்பி எல்லாவற்றையும் மறுபடி பிடுங்கும் வேலை இருக்காது.

இதில் செய்யவே கூடாதது இரண்டு. டிகோடர் இல்லாத இன்ஜினை டிசிசி தண்டவாளத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்; மோட்டார் ரீங்காரமிட்டபடியே சூடாகி வெந்துவிடும். டிசி பவர் பேக்கும், டிசிசி மின்சாரம் அனுப்பும் டிசிசி பெட்டியும் ஒரே நேரத்தில் ஒரே தண்டவாளத்தில் இணைந்திருக்கவே கூடாது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள் ஒரே ஒரு பிளக் வைத்து, அதை இதிலோ அதிலோ செருகுங்கள். ஸ்விட்ச் வைத்தால் என்றாவது ஒரு நாள் கை தவறும்.

எவ்வளவு ஆம்பியர்? இப்போதைய என் ஸ்கேல் இன்ஜின் பெரும்பாலும் கால் ஆம்பியருக்குள் ஓடும், எச்ஓ அரை ஆம்பியர் பக்கம். பழைய குமிழ் பல்பு போட்ட ரயில் பெட்டிகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் இழுக்கும். வீட்டுத் தடத்துக்கு 2 அல்லது 3 ஆம்பியர் தாராளம். தடத்துக்கு 5 ஆம்பியர் ஊட்டும் பூஸ்டர் வாங்குவதில் பெருமை இருக்கிறது. என் ஸ்கேல் சக்கரத்தில் ஷார்ட் ஆகும்போது உருகுவதற்கும் அவ்வளவு மின்சாரம் இருக்கிறது.

முதுகெலும்பு: பஸ் ஒயர்

பலகையின் அடியில், தண்டவாளம் போகும் பாதையையே பின்பற்றி, கனமான இரண்டு ஒயர்களை ஓட்டுங்கள். இதுதான் பஸ். இதிலிருந்து சின்ன ஒயர்கள் மேலே ஏறித் தண்டவாளத்தைத் தொடும், அவை ஃபீடர்கள்.

கனம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு மீட்டர் தூரத்துக்கு ஒயர் போகிறது என்றால், போக 4, வர 4, மொத்தம் 8 மீட்டர். மின்சாரம் 2 ஆம்பியர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 13 மில்லி ஓம் தடை. எட்டு மீட்டருக்கு 0.1 ஓம் பக்கம், இழப்பது 0.2 வோல்ட். இன்ஜினுக்கு அது தெரியாது. இதையே வீட்டில் கிடந்த பழைய டெலிபோன் ஒயர் போன்ற 0.2 சதுர மில்லிமீட்டரில் ஓட்டினால் மீட்டருக்கு 84 மில்லி ஓம். எட்டு மீட்டரில் 0.67 ஓம், இழப்பது 1.3 வோல்ட்டுக்கு மேல். 12இல் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே போயிற்று, தண்டவாளத்தைத் தொடும் முன்பே.

வேகம் குறைவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தடத்தின் கோடியில் ரயில் தடம் புரண்டு ஷார்ட் ஆகிறது என்று வையுங்கள். மெல்லிய ஒயர், துருப்பிடித்த ஜாயினர் எல்லாம் சேர்ந்து வழியில் 5 ஓம் தடை இருந்தால், 12 வோல்ட்டில் 2.4 ஆம்பியர்தான் ஓடும். உங்கள் டிசிசி பெட்டி 3 ஆம்பியரில்தான் வெட்டும் என்றால் அது வெட்டாது. தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருக்கும். 12ஐ 2.4ஆல் பெருக்கினால் 29 வாட். சின்ன சால்டரிங் இரும்பு ஒன்றின் சூடு. அந்தச் சூடு வழியில் எங்கே தடை அதிகமோ அங்கே போய்க் குவியும்: ஜாயினரில், தடம் பிரியும் பாயிண்ட்டில், இன்ஜினின் சக்கரத்தில். தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டை வளைந்து உருகிய பிறகுதான் நமக்குத் தெரியும். கனமான ஒயர் இருந்தால் பெட்டி உடனே ஷார்ட்டை உணர்ந்து வெட்டிவிடும். ஆக, ஒயரின் கனம் வேகத்துக்காக மட்டும் இல்லை.

அதனால் பஸ்ஸுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பல இழை கொண்ட ஒயர். வீவக ஹாலுக்குள் அடங்கும் எந்தத் தடத்துக்கும் அது போதும். ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். ஸ்விட்ச், ரெசிஸ்டர், டெர்மினல் பிளாக் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பக்கத்திலுள்ள சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் ரெசிஸ்டர் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். அது கணினிக் கடைகள் இருக்கும் இடம், இது வேறு.

நிறம்: வீட்டு மின்சாரத்தில் இப்போது லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம். அந்த ஜோடியைத் தவிர்த்துவிடுங்கள். நான் வெளிக்கம்பிக்குச் சிவப்பு, உள்கம்பிக்குக் கறுப்பு. எதுவானாலும் சரி, நடுவில் மாற்றாதீர்கள். சிவப்பு தீர்ந்துவிட்டது என்று மஞ்சளில் தொடர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கொடுத்த விலை இரண்டு வாரம்.

ஃபீடர்: ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று

ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தன் சொந்த ஃபீடர் ஜோடி இருந்தால், ஜாயினர் தண்டவாளத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் செய்தால் போதும். மின்சாரத்துக்கு அதை நம்பவே தேவையில்லை. சின்னத் துண்டுகள் அதிகம் என்றால் இரண்டு துண்டை ஒன்றாக ஈயம் வைத்து இணைத்து, அந்த ஜோடிக்கு ஒரு ஃபீடர் கொடுங்கள். ஃபீடர் மெல்லியதாக, 0.3 முதல் 0.5 சதுர மில்லிமீட்டர் வரை இருக்கலாம்; ஆனால் நீளம் ஒரு சாணுக்குமேல் போகக் கூடாது.

கேட்டோ யூனிட்ராக் போன்ற தண்டவாளத்தில் ஈயம் வைக்கத் தேவையில்லை. ஒயரோடு வரும் ஜாயினரை வாங்கிச் சாதா ஜாயினருக்குப் பதில் செருகினால் முடிந்தது. நீலமும் வெள்ளையுமாக வரும் அந்த ஒயர்களில் எது எந்தப் பக்கம் என்று ஒரே முறை முடிவு செய்து எல்லா இடத்திலும் அப்படியே போடுங்கள். இங்கே ஜாயினர் இன்னும் மின்சாரம் கடத்துகிறது என்பதால் முழுவதும் என் கொள்கைப்படி இல்லை. வாரக் கடைசியில் விரித்து மடக்கி வைக்கும் தடத்துக்கு இதுவே உத்தமம்.

நிரந்தரத் தடத்துக்கு ஈயம்தான். பலர் இங்கேதான் பயந்து நின்றுவிடுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்டவாளத்தின் பக்கவாட்டில், பார்ப்பவர் கண்ணுக்குப் படாத பக்கம் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு நேர் கீழே பலகையில் 2 மில்லிமீட்டர் துளை. அந்த இடத்தைச் சிறு அரத்தாலோ உப்புத்தாளாலோ பளபளக்கும்வரை தேயுங்கள்; படலத்தின் மேல் ஈயம் ஒட்டாது. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ரோசின் பசை மட்டும் பயன்படுத்துங்கள். குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசை ஈயத்தை அழகாக ஒட்டவைக்கும், அப்புறம் நம் ஊர் ஈரத்தோடு சேர்ந்து தண்டவாளத்தைப் பச்சையாகத் தின்னும். தேய்த்த இடத்தில் முதலில் ஒரு பொட்டு ஈயம். ஒயரின் முனையிலும் தனியாக ஈயம் பூசி, எல் வடிவில் மடக்குங்கள். இரண்டையும் ஒட்டிப் பிடித்து, இரும்பை வைத்து எடுக்க இரண்டே விநாடி. இரண்டு பக்கமும் ஈரமான டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டால் சூடு ஸ்லீப்பருக்குப் போகாது.

ஸ்லீப்பர் உருகுகிறது என்று சிறிய 15 வாட் இரும்பைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. அதனால்தான் இன்னும் உருகுகிறது. சூடு பத்தாமல் பத்து விநாடி பிடித்துக்கொண்டிருப்போம். அதற்குள் சூடு பரவிவிடும். 40 முதல் 60 வாட் வரை உள்ள இரும்பை நன்றாகக் காயவிட்டுச் சட்டென்று தொட்டு எடுங்கள். தோசைக்கல் மாதிரிதான், காயாத கல்லில் ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

பலகைக்கு அடியில் ஃபீடரை பஸ்ஸோடு இணைக்க நெம்புகோல் வைத்த வாகோ கனெக்டர்கள் எனக்குப் பிடித்தவை. தூக்கி, செருகி, அமுக்கினால் முடிந்தது, தவறானால் பிரித்துக்கொள்ளலாம். பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஈயம் வைக்காதீர்கள். உருகிய ஈயம் கீழ்நோக்கித்தான் விழும், அங்கே உங்கள் முகம் இருக்கும்.

இணைக்க இணைக்கச் சோதியுங்கள்

இருபது ஃபீடரையும் மாட்டிவிட்டு மொத்தமாக ஸ்விட்ச் போட்டால் வரும் ஷார்ட்டைத் தேட ராத்திரி முழுக்கப் போகும். ஒவ்வொரு ஜோடியை மாட்டியதும் மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து இரண்டு கம்பியையும் தொடுங்கள். பீப் வந்தால் கடைசியாக மாட்டியதுதான் குற்றவாளி. இந்த நேரத்தில் இன்ஜினோ விளக்குப் பெட்டியோ தடத்தில் இருக்கக் கூடாது, பவர் பேக்கும் இணைந்திருக்கக் கூடாது. அவை மீட்டரை ஏமாற்றும்.

எல்லாம் முடிந்த பிறகு இரண்டு சோதனை.

முதலாவது வெள்ளிக்காசுச் சோதனை. டிசிசி பெட்டியை ஆன் செய்துவிட்டு, சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயத்தைத் தண்டவாளத்தின் இரண்டு கம்பிக்கும் குறுக்கே வையுங்கள். பெட்டி உடனே வெட்ட வேண்டும். எடுத்ததும் மறுபடி உயிர் வர வேண்டும். தடம் முழுக்க அரை மீட்டருக்கு ஒரு முறை வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு பாயிண்ட்டின் எல்லாப் பக்கத்திலும் வையுங்கள். எங்கேயாவது வைத்தும் வெட்டாவிட்டால் காசை உடனே எடுத்துவிட்டு அங்கே இன்னொரு ஃபீடர் போடுங்கள். தானாக வெட்டும் வசதி இல்லாத பழைய டிசி பவர் பேக்கில் இந்தச் சோதனை வேண்டாம்.

இரண்டாவது பல்புச் சோதனை. டிசிக்கு இதுதான் சரி. வெறும் மீட்டரை வைத்துத் தண்டவாளத்தின் கோடியில் அளந்தால் 12 வோல்ட் என்று அழகாகக் காட்டும். இழுப்பவர் யாரும் இல்லாதபோது இழப்பும் இல்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தப்பு. காருக்குப் போடும் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரை இணைத்துக்கொள்ளுங்கள், அது 0.4 ஆம்பியர் இழுக்கும், ஓர் இன்ஜினுக்குச் சமம். பவர் பேக்கை முழு வேகத்தில் வைத்து, பல்பைத் தண்டவாளத்தில் தொட்டபடி அதே இடத்தில் வோல்ட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முதலில் பவர் பேக்கின் வாயில், அப்புறம் தடத்தைச் சுற்றி ஒவ்வோர் இடமாக. வித்தியாசம் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் நான் திருப்தி அடைவேன். அரை வோல்ட்டைத் தாண்டினால் அங்கே ஒரு பிடிப்பு தளர்ந்திருக்கிறது. பல்பு சுடும், பிளாஸ்டிக்மேல் படாமல் பிடியுங்கள்.

என் அக்கா மகன் இதைச் செய்து பார்த்துவிட்டு, "மாமா, உங்க தடம் சோபா பக்கம் போனா ஒன்றரை வோல்ட் காணோம்" என்றான். நான் தள்ளிவிட்ட அந்த இன்ஜினின் நினைவு அப்போதுதான் வந்தது.

இந்த இரண்டும் தேறிய பிறகே ஜல்லி கொட்டிப் பசை ஊற்றுங்கள். ஜல்லி ஒட்டிய தண்டவாளத்தில் ஃபீடர் சேர்ப்பது டைல்ஸ் போட்ட பிறகு குழாய் பதிப்பது போல.

பாயிண்ட்

தடம் பிரியும் இடத்தில் இரண்டு கம்பிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் மூக்குதான் சிக்கல். அது பிளாஸ்டிக்கில் இருந்தால் ஒயர் வேலை இல்லை, ஆனால் சின்ன இன்ஜின்கள் அதன்மேல் தடுமாறும். உலோகமாக இருந்தால் இன்ஜின் தடுமாறாது, ஆனால் பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தத் துருவத்தை மூக்கு எடுக்கும். அதனால் மூக்கிலிருந்து வெளியேறும் இரண்டு உள்கம்பிகளிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுத் துண்டியுங்கள். அதற்கு அப்பால் புதிதாக ஃபீடர் கொடுங்கள். பெக்கோவின் எலக்ட்ரோஃப்ராக் வகை வாங்கிவிட்டு, "ஏனோ ஷார்ட்" என்று தவிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த இரண்டு ஜாயினரைப் போட்டிருக்க மாட்டார்கள்.

பாயிண்ட்டைத் திருப்பும் மோட்டாருக்குத் தனி அடாப்டர். தண்டவாள மின்சாரத்தை அதற்குப் பங்கு போடாதீர்கள். சுருள் வகை மோட்டாருக்கு ஒரு கணம்தான் மின்சாரம் தேவை. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் சுருள் எரியும். கெப்பாசிட்டரில் சேர்த்து ஒரே அடியாக வெளியேற்றும் டிஸ்சார்ஜ் யூனிட்டை நடுவில் வைத்தால் அடியும் பலமாக விழும், எரியவும் எரியாது. டார்ட்டாய்ஸ் போன்ற மெதுவான மோட்டார்கள் 16 மில்லி ஆம்பியரில் அப்படியே நிற்கும், கவலை இல்லை. பலகைக்கு அடியில் இடம்தான் நிறையக் கேட்கும்.

வண்டி தன்னையே திருப்பிக்கொள்ளும் வளையம்

தடம் பேரிக்காய் வடிவில் சுற்றி வந்து தன்னோடு சேர்ந்தால், இடக்கம்பி வலக்கம்பியோடு போய் ஒட்டும். டிசி, டிசிசி இரண்டிலுமே நேரடி ஷார்ட். வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு கம்பிகளையும் துண்டியுங்கள், மொத்தம் நான்கு வெட்டு. துண்டித்த பகுதி உங்களுடைய மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். டிசிசியில் ஆட்டோ ரிவர்சர் ஒன்றை அதற்கு மட்டும் வைத்தால் அதுவே துருவத்தை மாற்றிக்கொள்ளும். டிசியில் ரயிலை வளையத்துக்குள் நிறுத்தி, வெளித்தடத்தின் துருவத்தைக் கையால் மாற்ற வேண்டும். ஹாலில் இடம் கம்மி என்றால் இந்த வளையமே வேண்டாம்.

டிசியில் இரண்டு ரயில்: புக்கிட் தீமா பாடம்

2011 ஜூன் 30இல் தஞ்சோங் பகார் நிலையம் மூடும்வரை, மலாயா ரயில்வேயின் ஒற்றைத் தடம் தீவின் நடுவே போனது. புக்கிட் தீமாவில்தான் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க இடம். அங்கே ஓட்டுநர் டோக்கன் வாங்கினால்தான் அடுத்த பகுதிக்குள் போகலாம். ஒரு பகுதிக்கு ஒரு டோக்கன், ஒரு நேரத்தில் ஒரு வண்டி.

டிசி பிளாக் முறையும் இதேதான். தடத்தை மூன்று நான்கு பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றின் ஃபீடரையும் நடுவில் ஆஃப் உள்ள ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் தள்ளினால் முதல் பவர் பேக், மறுபக்கம் தள்ளினால் இரண்டாவது, நடுவில் விட்டால் அந்த ரயில் அங்கேயே காத்திருக்கும். ஸ்விட்சுகளின் மேல் தஞ்சோங் பகார், புக்கிட் தீமா, உட்லண்ட்ஸ் என்று நான் ஒட்டியிருக்கிறேன். அந்த வண்டிகள் ஓடியது ஒரு மீட்டர் அகலத் தடம். 9 மில்லிமீட்டருக்குக் கணக்காகச் சுருக்கினால் 1:111 வரும், கடையில் அப்படி ஒரு ஸ்கேல் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறேன்.

விளக்குகள்

நிலைய விளக்குக்குத் தனியாக 12 வோல்ட் டிசி அடாப்டர். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 3 வோல்ட் போக மிச்சம் 9. 1,000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 9 மில்லி ஆம்பியர். அதுவே கண்ணைக் கூசும். பழைய நிலையத்து மங்கல் வெளிச்சம் வேண்டுமென்றால் 4,700 ஓம் போடுங்கள். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர்.

மடித்து வைக்கும் தடமானால்

நம்மில் பலருக்குத் தடம் கட்டிலுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோதான் வாழ்கிறது. இரண்டு பலகைகளுக்கு நடுவே பஸ் ஒயர் தாண்டும் இடத்தில் தலைகீழாகச் செருக முடியாத கனெக்டர் போடுங்கள். தண்டவாளத்துக்கு ஒரு வகை, விளக்குக்கு வேறு வகை. ஒன்றின் பிளக் மற்றதில் ஏறவே கூடாது. வீட்டின் பாம்ப் ஷெல்டர் அறையில் சாய்த்து வைப்பவர்கள் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை உள்ளே வையுங்கள், காற்றோட்டம் அங்கே குறைவு.

தண்டவாளத்தின் மேற்பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம், தடத்து மின்சாரத்தை அணைத்துவிட்டு. உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். துடைத்தும் ஓர் இடத்தில் ரயில் தடுமாறினால் பல்பை எடுங்கள், அளவுகளைப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். எந்த எண் இறங்கியிருக்கிறதோ அதற்கு நேர் கீழே உள்ள ஃபீடரை லேசாக இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கையோடு வந்துவிடும்.

அந்தத் தாளைப் பலகையின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். என்னுடையது முதலில் குளிர்பெட்டிக் கதவில் இருந்தது; மளிகைப் பட்டியல் என்று நினைத்து யாரோ தேக்கா சந்தைக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.